தீபத்துக்கு நாலாம் நாள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. அரசாங்க அலுவலகத்துக்குள் கால் வைத்தால் சிரிப்பு வந்துவிடும். கேலிச் சிரிப்பு இல்லை, பயத்தில் வருகிற சிரிப்பு. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? "இன்னாம்மா சிரிப்பு?" என்று கேட்பார். கேட்டதும் இன்னும் ஜாஸ்தியாகும். முப்பத்தெட்டு வயதுவரை அகதி என்ற பெயரோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவளுக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அகதி என்றால் எங்கிருந்தோ வந்தவள் என்று நினைக்க வேண்டாம். நான் பிறந்தது திருவண்ணாமலை அரசு ஆஸ்பத்திரியில். வந்தவர்கள் அம்மாவும் அப்பாவும்தான். எண்பத்தைந்தில் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகேறினார்கள். வயலில் விதைத்துவிட்டு வந்தவர்கள், அறுப்புக்குள் சண்டை ஓய்ந்துவிடும், திரும்பிவிடலாம் என்று நினைத்தார்களாம். கரையோர முகாம்களில் கொஞ்ச நாள் வைத்திருந்து, அடுத்த வருடம் லாரியில் ஏற்றி, செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு முகாமில் இறக்கிவிட்டார்கள். இறங்கிய வருடத்திலேயே நான் பிறந்தேன். அப்பா என் சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மாவும் நானும் அதே முகாமில், அதே பத்துக்குப் பத்து வீட்டில் இருந்தோம்.

எனக்கு வேலை ரமணாசிரமம் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில். வரவேற்பு மேசை என்னுடையது. யார் வந்தாலும் பாஸ்போர்ட்டையும் விசாவையும் வாங்கி, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றி அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதாவது அரசாங்கத்தின் கணக்கில் வெளிநாட்டுக்காரியான நான், மற்ற வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி அரசாங்கத்துக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தேன். விடுதி முதலாளிக்கு இதில் ஒரு சந்தோஷம். "தெனம் காலைல வந்து உக்கார்றியே, உனக்கும் ஒரு ஃபாரம் போட்டுடலாமா?" என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

எல்லாம் ஆரம்பித்தது எங்கள் விடுதியில் தங்கியிருந்த ஓர் உக்ரைன் அக்காவால். அந்த அக்கா ஆறு மாதத்துக்குத் தியானம் செய்ய வந்தவர். வந்த இடத்தில், போர் அவர் ஊர்வரைக்கும் வந்து, வீடு இருந்த தெருவே இல்லாமல் போய்விட்டது. விசா முடியப் போகிறது. திரும்பிப் போக ஊர் இல்லை. "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எல்லாம் தெரியும் என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் அவரை ஆட்டோவில் ஏற்றி, கோர்ட்டு எதிரே டீக்கடையில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனேன். முகாம்காரர்களின் காகித வேலைகளைப் பார்த்துக் கொடுப்பவர் அவர். ஆபீஸ் என்று ஒன்று அவருக்கு உண்டு, ஆனால் அங்கே பஜ்ஜி கிடையாது என்பதால் இங்கேதான் இருப்பார்.

"மொதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்கணும்மா. அகதிங்களுக்குன்னு நம்ம நாட்டுல தனிச் சட்டமே கெடையாது. இருக்கறது வெளிநாட்டுக்காரங்க சட்டம்தான். அதுல டூரிஸ்டும் ஒண்ணுதான், குண்டு வுழுந்து ஓடி வந்தவனும் ஒண்ணுதான்" என்று ஆரம்பித்தார். பஜ்ஜி மடித்த பேப்பரின் ஓரத்திலேயே கோடு போட்டு வழிகளை எழுதினார். ஊரில் போர் என்று காரணம் காட்டி விசாவை நீட்டிக் கேட்பது ஒன்று. அது நடக்காவிட்டால் டெல்லியில் அகதிகளைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் போய் அட்டை வாங்குவது. அதுவும் வேண்டாம் என்றால், அந்த ஊர்க்காரர்களுக்குத் தற்காலிகமாக இடம் கொடுக்கும் ஐரோப்பிய நாடு ஒன்றுக்குப் போய்விடுவது. நான் ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அந்த அக்கா பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். பேப்பரை எண்ணெய்க் கறையோடு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பின்னாளில் அவருக்கு விசா நீட்டிக் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் எங்களுக்குத் தோசை சுட்டுத் தருகிறேன் என்று சுட்டதை மட்டும் மறக்க முடியாது.

அன்று எழுந்து கிளம்பும்போது வக்கீல் என்னைப் பார்த்தார்.

"உலகத்துக்கே வழி கேட்டு வர்றீங்களே, உங்களுக்குன்னு எப்பனா கேட்டிருக்கீங்களா?"

"எங்களுக்கு இன்னா சார் வழி? கேம்ப்தான்."

"எங்க பொறந்தீங்க?"

"இங்கதான். பெரியாஸ்பத்திரியில."

"எப்போ?"

"தீபத்தன்னிக்கு" என்றேன் பெருமையாக. எனக்கு அதில் பெருமைதான். யாருடைய பிறந்தநாளுக்கு மலை உச்சியில் விளக்கேற்றி லட்சம் பேர் கும்பிடுகிறார்கள்? முகாமில் கேக் வெட்ட வசதியில்லாத பிள்ளைகளிடம் நான் அடித்துக்கொண்ட ஜம்பம் கொஞ்சநஞ்சம் இல்லை.

"எந்த வருஷம்மா?"

"எண்பத்தாறு."

வக்கீல் டீ கிளாஸை வைத்துவிட்டார். எண்பத்தேழு ஜூலை ஒன்றாம் தேதிக்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்த எவரும், அப்பா அம்மா யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர். அதுதான் சட்டம் என்றார். விண்ணப்பம் போட்டு, கெஞ்சி, கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டிய குடியுரிமை இல்லையாம். ஏற்கெனவே இருப்பதாம். "நீங்க அகதியே இல்லம்மா. முப்பத்தெட்டு வருஷமா சும்மா இருந்திருக்கீங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரசாங்க அலுவலகம் இல்லாத இடத்தில் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. நடுரோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உக்ரைன் அக்கா பயந்துபோய் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

சிரிப்பு அடங்கியது மறுநாள் நான் கொண்டுபோன பள்ளிச் சான்றிதழை வக்கீல் பார்த்தபோதுதான். அதில் நான் எண்பத்தெட்டு ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருந்தேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் என் வயதுக்காரர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஜூன் மாதத்தில்தான் பிறந்திருப்பார்கள். பள்ளியில் சேர்க்கப் போனால் ஹெட்மாஸ்டர் குழந்தையை மேலும் கீழும் பார்ப்பார். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. உடனே ஒரு ஜூன் தேதியைப் போட்டு எழுதிவிடுவார். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். நான் காய்ச்சல், முகாம் கலவரம் என்று தாமதமாகி, ஆறரை வயதில் போய் நின்றேன். ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். "வயசு கம்மியா போட்டுடறேன்மா. பின்னாடி கவர்மெண்ட் வேலைக்குப் போவும்போது இன்னும் ஒண்ணரை வருஷம் ஜாஸ்தி சம்பளம் வாங்கும்" என்று அம்மாவிடம் சொன்னாராம். அகதிக்குக் கவர்மெண்ட் வேலை! அம்மாவும் சந்தோஷமாகக் கும்பிட்டுவிட்டு வந்தாள். அந்த நல்ல மனதுதான் இப்போது என்னை வெளிநாட்டுக்காரியாக உட்கார வைத்திருந்தது. அகதி அட்டையிலும் அதே தேதி. அந்தக் காலத்து முகாம் பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரியில பொறந்திருந்தா முனிசிபாலிட்டில பதிவு இருக்கும். அந்த ஒரு வரி கெடைச்சா போதும், ஸ்கூல் தேதிய ஒடைச்சிடலாம். கெடைக்கலன்னா ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் வக்கீல். நான் இந்தியாக்காரியா இல்லையா என்பது அந்த ஒரு வரியில் நின்றது.

முனிசிபாலிட்டியில் பிறப்பு இறப்புப் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். ஓய்வுபெறும் வயது. மூக்கு நுனியில் கண்ணாடி, மேசை டிராயரில் வேர்க்கடலை. உள்ளே போகும்போதே எனக்கு உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது.

"இன்னா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மேடம். பொறந்தத தேடி வந்தேன்."

"பொறந்ததுக்கா சிரிக்கிற? சிரி சிரி, நல்ல வேளை இன்னொரு புக்கு தேடி வரல" என்று எண்பத்தாறாம் வருடப் புத்தகத்தைத் தூக்கி மேசையில் போட்டார். எழுந்த தூசியில் இரண்டு பேரும் சேர்ந்து தும்மினோம். அட்டையில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருந்தது. அந்த மாவட்டமே இன்று இல்லை, நான் மட்டும் இருக்கிறேன்.

தீபத்து நாள் பக்கத்தைத் திருப்பினோம். அன்று பிறந்தவை ஆறு குழந்தைகள். ஐந்து ஆண். இருந்த ஒரே பெண்ணும் ஒரு கடைக்காரர் வீட்டுப் பெண். விரலை வைத்து இரண்டு முறை, மூன்று முறை மேலிருந்து கீழே வந்தேன். முகாமும் இல்லை, அம்மா பெயரும் இல்லை. "வருஷத்த மறந்திருப்பாங்க உங்க அம்மா" என்று அந்த அம்மா எண்பத்தைந்தைப் பார்த்தார். இல்லை. பிறகு எண்பத்தேழை எடுத்தார். அந்த வருடத் தீபம் ஜூலை தாண்டி, கார்த்திகையில்தானே வரும்? அதில் என் வரி இருந்துவிட்டால் கதை முடிந்தது. உலகத்தில் யாராவது தன் பிறப்பைத் தேடிப் போன இடத்தில், ஐயோ பிறந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றிருப்பார்களா? நான் நின்றேன். அதிலும் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்ட பிறகுதான், எங்கேயுமே நான் பிறக்கவில்லை என்பது உறைத்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழுகை சரியாகத்தான் வரும், அதில் வியாதி ஒன்றும் இல்லை.

மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது வருடம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தும் அம்மாவின் பேச்சு மட்டும் மன்னாரை விட்டு நகரவே இல்லை. கடலையை உரித்துக்கொண்டே பதிவேட்டு அம்மா கேட்டார், "தீபத்தன்னிக்குதான் பொறந்துச்சா? நல்லா யோசிச்சு சொல்லு பெரிம்மா."

"ஓம் பிள்ளை. எனக்கு மறக்குமே? இவள்ரை அப்பாவும் கூலி வேலைக்குப் போயிட்டார். பின்னேரம் வயித்து நோ துடங்கிட்டுது. நான் தனியத்தான் பஸ் ஏறி வந்தனான். யன்னல் பக்கம் இருந்து வந்தன். கண்டக்டர் நல்ல பொடியன். ஆஸ்பத்திரி வாசல்லயே நிப்பாட்டி இறக்கி விட்டவன். உள்ளுக்குப் போய்ப் படுத்துத் திரும்பிப் பாக்கிறன், மலையில நெருப்பு எரியுது. நான் கத்திக் குளறிப்போட்டன்."

"ஏன்?"

"இஞ்சையும் வந்து குண்டு போட்டிட்டாங்கள் எண்டு நினைச்சன். கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பாத்தன். நர்ஸ் பிள்ளைதான் பிடிச்சு அமத்தி, அது தீபம் அம்மா, சாமி, பயப்பிடாதேங்கோ எண்டவ. அந்தக் கையோடை இவள் பிறந்திட்டாள்."

நான் இந்தக் கதையை அதற்கு முன்னால் முழுதாகக் கேட்டதில்லை. தீபத்தன்று பிறந்தாய் என்று மட்டும்தான் சொல்வாள். அம்மா அதைச் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பதிவேட்டு அம்மா சிரிக்கவில்லை. கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார்.

"இரு இரு. பஸ்ல எப்பிடி வந்த?"

"இருந்துதான் வந்தன்."

"உக்காந்தா?"

"ஓம், சீற் எல்லாம் வெறுமையாக் கிடந்தது."

"ஆஸ்பத்திரி வாசல் வரிக்கும்?"

"ஓம் எண்டு சொல்லுறன்."

பதிவேட்டு அம்மா மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். "ஏம்மா, அது எப்பிடி தீபத்தன்னிக்கு நடக்கும்? தீபத்தன்னிக்கு எந்த பஸ்ஸு ஊருக்குள்ள வருது? எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல தீபத்துக்கு வந்த எங்க வூட்டுக்காரரு, கூட்டத்துல செருப்பு ரெண்டையும் வுட்டுட்டு அவலூர்பேட்டை ரோட்டுலேர்ந்து நடந்தே வந்தாரு. இவங்க ஜன்னலோரம் உக்காந்து வந்தாங்களாம்! அது தீபத்தன்னிக்கு இல்ல. தீபம் முடிஞ்சி ஜனமெல்லாம் ஊருக்குப் போன பெறவு!"

மலைமேல் ஏற்றிய தீபம் அன்றோடு அணைவதில்லை. பதினோரு நாள் எரியும். இது இந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். பிறந்ததிலிருந்து இந்த மலையைப் பார்த்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தீபம் என்றால் அது ஏற்றுகிற நாள்தான் என்று உள்ளூர்க்காரியாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவோ அந்த வருடம்தான் வந்து இறங்கியவள். அவளுக்கு நெருப்பு எரிந்தால் அது தீபம்.

பதிவேட்டு அம்மா எச்சில் தொட்டு எண்பத்தாறாம் புத்தகத்தைத் திருப்பினார். மறுநாள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் முழுக்க ஆண் குழந்தைகள். "இந்த ஊரு ஆம்பளைங்களுக்குக் கொறச்சலே இல்ல" என்று திட்டிக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நாலாம் நாள் கீழிருந்து இரண்டாவது வரி. பெண். குழந்தை பெயர் கட்டம் காலி. தாய் பெயர் அம்மாவுடையது. விலாசம் என்ற இடத்தில் சிலோன் கேம்ப்.

நான் சிரித்தேன். அந்த அம்மாவும் சிரித்தார். அம்மா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். டிராயரைத் திறந்து கடலையை எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தார் பதிவேட்டு அம்மா. வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு இன்னொன்று விளங்கியது. கிருத்திகை நட்சத்திரம் ஆகாது என்று மூன்று மாப்பிள்ளை வீட்டார் என்னைத் தட்டிக் கழித்திருக்கிறார்கள். நாலு நாள் தள்ளிப் பார்த்தால் நான் புனர்பூசமோ என்னவோ. கிருத்திகையே இல்லை! ஆட்டோவில் அம்மாவை ஒரு பிடி பிடித்தேன். "விடு பிள்ளை, மூண்டும் மொக்கனுகள்" என்றாள். அது உண்மைதான்.

அதற்குப் பிறகு வழக்கு சென்னைக்குப் போனது. வக்கீல் அங்கே ஒரு நண்பரோடு சேர்ந்து மனு போட்டார். எதிர்த்தரப்பு பள்ளித் தேதியைத் தூக்கிக் காட்டியதாம். காதைத் தொட்டு வயது எழுதிய கதையை எங்கள் தரப்பு சொன்னதாம். நீதிபதி சிரித்துவிட்டு, எனக்கும் ஜூன்தான் என்று சொன்னதாக வக்கீல் சத்தியம் செய்கிறார். பஜ்ஜி தின்றுகொண்டே செய்யும் சத்தியத்தை எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை. எப்படியோ, ஆஸ்பத்திரிப் பிறப்புப் பதிவுதான் செல்லும், இவர் பிறப்பால் இந்தியர் என்று உத்தரவு வந்தது. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கும் கவுண்டரில் சிரிக்கக் கூடாது என்றார்கள். ஏழு தடவை எடுத்தார்கள். எட்டாவதில் உதட்டைக் கடித்துக்கொண்டு தப்பித்தேன்.

பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று வக்கீலைப் பார்க்க அம்மாவும் வந்தாள். அம்மாவுக்கு என்ன வழி என்று கேட்டேன். அவர் பஜ்ஜித் தட்டை அம்மா பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார். அம்மா அங்கே பிறந்தவள், பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவள். முன்பு இதற்கே சட்டப்படி தண்டிக்கலாம். இப்போது, பதிவு செய்திருக்கும் இலங்கை அகதிகளைத் தண்டிக்க மாட்டோம் என்று மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. "இருக்கலாம். தொந்தரவு பண்ண மாட்டாங்க. அவ்ளோதாம்மா இன்னிக்கு இருக்கறது" என்றார். "அது காணும் தம்பி, எனக்கு அவ்வளவும் போதும்" என்று அம்மா இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே முகாமில் கணக்கெடுப்பு வந்தது. மாதத்துக்கு ஒருமுறை வருவாய்த் துறை ஆய்வாளர் பெரிய பதிவேட்டோடு வந்து பெயர் வாசிப்பார். இருக்கேன் என்று ஆள் நேரில் நின்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் அரிசி இல்லை, வீடு இல்லை, திரும்பச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அம்மை போட்டிருந்தபோதுகூட என்னை வேப்பிலையோடு தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தியவள் அம்மா. பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவளைப் பாதியில் கூட்டி வந்திருக்கிறாள். எங்கள் பெயர் எப்போதும் வெட்டுப்படாமல் இருந்தது.

அன்று ஆய்வாளர் புத்தகத்தை விரிக்கும் முன்பே அம்மா வரிசையை விட்டு வெளியே வந்து அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். என் பாஸ்போர்ட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"தம்பி, இவளை வெட்டுங்கோ."

அவருக்குப் புரியவில்லை. "இன்னா பெரிம்மா இது? எல்லாம் பேர வெட்டாதன்னு அழுவாங்க, நீ வெட்டுன்னு வர்ற."

"இவள் இந்தியாக்காரி. இந்தப் புத்தகத்தில இவளுக்கு என்ன வேலை? வெட்டுங்கோ."

அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவின் பெயருக்குக் கீழே இருந்த என் பெயர்மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அம்மா குனிந்து பார்த்தாள். திருப்தியில்லை.

"இன்னும் ஒருக்கா, வடிவா வெட்டுங்கோ. ஒருத்தரும் திரும்ப எழுதாத மாதிரி."

அவர் ஸ்கேல் கேட்டு வாங்கி, இரண்டாவது கோடு போட்டார். வரிசை முழுக்கக் கை தட்டியது, யாரோ விசில்கூட அடித்தார்கள். அம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு, கல்யாண வீட்டில் மொய் வைத்துவிட்டு வருபவள் போலத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். எனக்கு முகமெல்லாம் பல்.

ஆய்வாளர் வாசிக்கத் தொடங்கினார். எங்கள் வீட்டு எண் வந்தது. அம்மாவின் பெயரை வாசித்தார்.

"இருக்கிறன்" என்றாள் அம்மா, வழக்கத்தைவிடச் சத்தமாக.

அடுத்தது நான். முப்பத்தெட்டு வருடப் பழக்கம், வாயைத் திறந்துவிட்டேன். அவர் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை வாசித்தார்.